பிள்ளைக்குக் கட்டும் தொகை: 'எவ்வளவு'ன்னு மட்டும் பேசி முடிச்சிடாதீங்க

ரிட்டர்ன் ஃபைல் பண்ற சீசன்ல ஒருத்தர் ஆபீசுக்கு வந்தார். வயசு 31, சாஃப்ட்வேர் வேலை, கைக்கு வர்ற சம்பளம் மாசம் 60,000 ரூபாய். ஃபார்ம் 16-ஐ மேசையில வெச்சிட்டு முதல்ல கேட்டதே இதுதான்: "மேடம், விவாகரத்து ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. பாப்பாவுக்கு மாசம் 12,000 கட்டுறேன். இதுக்கு எந்த செக்‌ஷன்ல கழிவு கிடைக்கும்?"

எந்த செக்‌ஷன்லயும் கிடைக்காது. பழைய வரி முறையோ புதிய முறையோ, ஜீவனாம்சமாகவோ பிள்ளை பராமரிப்பாகவோ கொடுக்கிற பணம் உங்க வருமானத்தில் இருந்து கழியாது. பழைய முறையில் இருந்துகொண்டு, பிள்ளையோட ட்யூஷன் ஃபீஸை நீங்களே நேரடியா பள்ளிக்குக் கட்டினால் அந்தத் தொகையை மட்டும் 80சி-யில் காட்டலாம். அவ்வளவுதான்.

அவர் முகம் வாடிப்போச்சு. அடுத்த கேள்வி: "சரி, 18 வயசு வரைக்கும்தானே?" பாப்பாவுக்கு இப்போ 5. போன்லயே கணக்குப் போட்டார். 13 வருஷம், 156 மாசம், மொத்தம் 18,72,000. கார் லோன் எப்போ முடியும்னு பார்க்கிற மாதிரியே பார்த்தார். அவரைக் குறை சொல்லல. மாசா மாசம் ஒழுங்கா கட்டுற மனுஷன். ஆனா அந்தக் கணக்கு தப்பு. பாப்பா பெண் குழந்தை என்பதால் தப்பு, 12,000 என்பது 13 வருஷமும் 12,000-ஆகவே இருக்கும்னு நினைச்சதாலயும் தப்பு.

நான் வக்கீல் இல்ல, ஆடிட்டர். ஆனா சம்பளம், பிடித்தம், நிலுவை எல்லாம் கடைசியில் எங்க மேசைக்குத்தான் வருது. இந்த விஷயத்தில் ரெண்டு பக்கமும் செய்ற ஒரே தப்பைப் பல தடவை பார்த்துட்டேன். 'எவ்வளவு' என்பதுக்கு ஆறு மாசம் சண்டை போடுறாங்க. 'எதுவரைக்கும்', 'எந்த வழியில வரும்' என்ற ரெண்டையும் பேசாமலே கையெழுத்துப் போட்டுடுறாங்க.

18-ல் என்ன முடியுது, என்ன முடியல

முதல்ல சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவு. எந்த மதமானாலும் பொருந்தும். பெற்றோர் முறைப்படி கல்யாணம் பண்ணியிருக்கணும் என்ற அவசியம்கூட இல்ல, குழந்தை குழந்தைதான். இதன்படி 18 வயசு நிறையும் வரை பராமரிப்பு உண்டு. உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு 18-க்குப் பிறகும் உண்டு. கல்யாணமான மகளுக்கு மட்டும் இந்த நீட்டிப்பு இல்ல.

மகள் விஷயம் அதோட முடியல. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956-இன் 20-வது பிரிவுப்படி, சொந்த வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாத, கல்யாணமாகாத மகளைப் பராமரிக்கும் கடமை 18-க்குப் பிறகும் தொடருது. 2020 செப்டம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா சொல்லிடுச்சு. மாஜிஸ்திரேட்கிட்ட 125-ல் கேட்க முடியாது, இந்தச் சட்டத்தில் தனியா மனு போட்டு வாங்கணும், ஆனா உரிமை இருக்கு. முஸ்லிம் குடும்பங்களில் மகனுக்கு மேஜராகும் வரை, மகளுக்குத் திருமணம் வரை தந்தையின் கடமை தொடரும்னு 1997-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

மகன்? இங்கதான் எனக்கு வருத்தம். 18 முடிஞ்சதும் சட்டத்தில் எழுதின கடமை முடிஞ்சிடுது. 2021-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், மகன் மேஜர் ஆனதும் எல்லாச் செலவும் தாய் தலையிலயே விழுதுன்னு சொல்லி, அவன் பட்டப்படிப்பை முடிக்கும் வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை தாய்க்கு மாசம் 15,000 இடைக்காலத் தொகையா கொடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனா ஒவ்வொரு அம்மாவும் அந்த அளவுக்கு வழக்கு நடத்த முடியுமா?

நம்ம ஊர்ல ஒரு பையனுக்கு எந்த வயசுல அதிகச் செலவு? பிளஸ் டூ முடிச்சு காலேஜ் சேர்ற வயசுலதான். பால் பவுடர், யூனிஃபார்ம் செலவுக்கு எல்லாம் தொகை ஓடிட்டு இருக்கும், செமஸ்டர் ஃபீஸ் வரும்போது நின்னுடும். எந்த ஃபைனான்ஷியல் பிளானும் இப்படி ஒரு அட்டவணையைப் போடாது. அதனால கல்விச் செலவைத் தனி ஷரத்தாக எழுதணும், ஒப்பந்தம் போடுற அன்னிக்கே. முதல் பட்டப்படிப்பு முடியும் வரை கல்லூரிக் கட்டணத்தில் இன்னார் இத்தனை சதவீதம்னு இருந்தா, 18-வது பிறந்தநாள் யாருக்கும் பயமும் இல்ல, லாபமும் இல்ல.

இன்னொன்னு. 'மனைவிக்கும் குழந்தைக்கும் சேர்த்து 15,000'ன்னு ஒரே தொகையா எழுதாதீங்க. மனைவி மறுமணம் செய்தால் அவரோட பங்கு முடியும், குழந்தையோடது முடியாது. ஒரே தொகையா இருந்தா எது யாரோடதுன்னு மறுபடியும் கோர்ட் ஏறணும். அதே மாதிரி, 'குழந்தைக்கு எதுவும் வேண்டாம்'னு தாய் எழுதிக் கொடுத்துட்டாங்க, எல்லாம் முடிஞ்சதுன்னு சில அப்பாக்கள் நிம்மதியா இருக்காங்க. அது குழந்தையோட உரிமை. தாய் விட்டுக்கொடுத்தது குழந்தையைக் கட்டுப்படுத்தாதுன்னு நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு. தாய் சம்பாதிச்சாலும் அப்பாவோட பங்கு சுழியம் ஆகாது. 2000-ல் ஒரு வழக்கில் ரெண்டு பேருமே வேலையில் இருந்ததால, பிள்ளைகள் செலவை 2:1 விகிதத்தில் பகிரச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

விலைவாசி ஏறும், ஆணை ஏறாது

நம்ம சாஃப்ட்வேர் நண்பரோட 12,000-க்கு வருவோம். வருஷத்துக்கு 6 சதவீதம் விலைவாசி ஏறுதுன்னு வெச்சுக்குவோம். 13 வருஷம் கழிச்சு அந்த 12,000-க்கு இன்னிக்கு மதிப்பில் சுமார் 5,600 ரூபாய்ப் பொருள்தான் கிடைக்கும். அவர் சம்பளம் அதுக்குள்ள எத்தனை அப்ரைசல் பார்த்திருக்கும்? தொகையைக் கூட்டவோ குறைக்கவோ 146-வது பிரிவில் மனு போடலாம். ஆனா ஒவ்வொரு தடவையும் மனு, வாய்தா, வக்கீல் ஃபீஸ். அதுக்குப் பதிலா ஆணையிலேயே ஆண்டு உயர்வை எழுதி வாங்குங்க.

2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் ஒரு மனைவிக்கு நிரந்தர ஜீவனாம்சத்தை 20,000-லிருந்து 50,000 ஆக்கி, ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்வும் கொடுத்தது. உயர்வு எழுதினதே பெரிய விஷயம், சந்தோஷம். ஆனா ஆடிட்டர் புத்தி கால்குலேட்டரை எடுக்குது. 10 வருஷத்தில் அது சுமார் 63,800 ஆகும். 6 சதவீத விலைவாசிக்கு ஈடு கொடுக்க சுமார் 89,500 வேணும். அதே வழக்கில் 26 வயசு மகனுக்கு இனி கட்டாயப் பணம் இல்லைன்னும், அவனோட வாரிசுரிமைக்கு எந்தப் பாதிப்பும் இல்லைன்னும் சொன்னாங்க. இந்த ரெண்டாவது பாயின்ட்டை நினைவில் வெச்சுக்கோங்க. கணவன்-மனைவி உறவு முடியலாம், பிள்ளை வாரிசா இருக்கிறது முடியாது.

கட்டலைன்னா என்ன ஆகும்

எங்க ஆபீஸ்ல வேலை பார்க்கிற ஒரு அக்காவோட கதையைச் சொல்றேன், அவங்க அனுமதியோட. பையனுக்கு மாசம் 8,000 கொடுக்கணும்னு குடும்ப நல நீதிமன்ற ஆணை, பழைய 125-வது பிரிவில். முதல் சில வருஷம் ஒழுங்கா வந்தது. அப்புறம் 'அடுத்த மாசம் சேர்த்துப் போடுறேன்'. அப்புறம் 'கம்பெனியில பிரச்சினை'. இவங்களும் பையனோட அப்பாவாச்சேன்னு பொறுத்தாங்க. ஒரு நாள் பாஸ்புக்கை எடுத்துட்டு வந்து எண்ணச் சொன்னாங்க. 26 மாசம், 2,08,000 ரூபாய்.

வக்கீல்கிட்ட போனப்பதான் தெரிஞ்சது: நிலுவைக்கு வாரண்ட் கேட்கிற மனுவை, ஒவ்வொரு மாசத் தொகையும் சேர வேண்டிய நாளில் இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும். அதனால அந்த வழியில் கிடைச்சது கடைசி 12 மாசத்துக்கு 96,000 மட்டும். மீதி 1,12,000? உரிமை செத்துப்போகல. 2013-ல் நம்ம தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு, ஒரு வருஷக் கெடு அந்த வாரண்ட் வழிக்குத்தான், நிலுவையோட உரிமைக்கு இல்லைன்னு. ஆனா வேற வழியில் வசூலிக்க இன்னொரு மனு, இன்னும் சில வருஷம். அந்த மனு இன்னும் நிலுவையில் இருக்கு.

எனக்குக் கோபம் வந்த இடம் வேற. அந்த வழக்கில் அவர் தாக்கல் பண்ணின பேஸ்லிப்களை அக்கா கொண்டுவந்து காட்டினாங்க. 'கம்பெனியில பிரச்சினை'ன்னு சொன்ன அந்த 26 மாசமும் சம்பளம் வந்திருக்கு. 26 மாசமும் வருமான வரி பிடிச்சிருக்காங்க. ஒரு மாசம்கூட விடல.

யோசிச்சுப் பாருங்க. அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய வரியை உங்க கைக்கே வர விடுறதில்ல. கம்பெனி பிடிச்சு, அடுத்த மாசம் 7-ஆம் தேதிக்குள்ள கட்டி, 26ஏஎஸ்-ல ரூபாய் சுத்தமா காட்டுது. பிள்ளைக்குச் சேர வேண்டியதை மட்டும் அப்பாவோட மனசாட்சிக்கும் அம்மாவோட பொறுமைக்கும் விட்டிருக்கோம்.

சட்டத்தில் வழியே இல்லைன்னு சொல்ல முடியாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இன் 20-வது பிரிவுப்படி, சம்பளத்திலிருந்து நேரடியா பாதிக்கப்பட்டவருக்கோ கோர்ட்டுக்கோ கட்டச் சொல்லி முதலாளிக்கே மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். 2020 நவம்பர் 4 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பராமரிப்பு ஆணையை சிவில் கோர்ட் பணத் தீர்ப்பு மாதிரியே நிறைவேற்றலாம்னு சொல்லியிருக்கு. அப்படின்னா சம்பள ஜப்தியும் வரும். அதில் ஒரு கணக்கு நிறைய பேருக்குத் தெரியாது. சாதாரணக் கடனுக்கு சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 60,000 சம்பளம்னா ஜப்தி பண்ணக்கூடியது சுமார் 19,667. ஆனா பராமரிப்புத் தீர்ப்புக்கு மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு. அதே 60,000-ல் 40,000 வரை பிடிக்கலாம். பேங்க் கடனை விட பிள்ளையோட கடன் பெருசுன்னு சட்டமே சொல்லுது.

ஜெயிலும் உண்டு. கட்டாத ஒவ்வொரு மாசத் தொகைக்கும் ஒரு மாசம் வரை. 'உள்ள போய்ட்டு வந்துட்டா கடன் கழிஞ்சிடும்'னு நண்பர்கள் யாராவது ஐடியா கொடுத்தா கேட்காதீங்க. சிறை என்பது கட்ட வைக்கிற வழி, கட்டினதுக்குச் சமம் இல்லைன்னு ஏற்கெனவே உச்ச நீதிமன்றம் முடிச்சு வெச்சிடுச்சு. பிள்ளைக்கு 18 ஆனாலும் அதுக்கு முந்தைய நிலுவை அப்படியே நிக்கும்.

அப்போ பிரச்சினை எங்க? எல்லாமே 'கட்டலைன்னா' என்ற இடத்தில் இருந்துதான் தொடங்குது. பணம் நின்ன பிறகு, தாய் மனு போட்ட பிறகு, நோட்டீஸ் சேர்ந்த பிறகு. என் கருத்து இதுதான்: சம்பளக்காரர்கள் விஷயத்தில் பிள்ளைக்கான தொகையை முதல் மாசத்திலிருந்தே சம்பளத்தில் பிடிக்கணும், தவறினால் மட்டும் இல்ல. அமெரிக்காவில் 1988-ல் கொண்டுவந்த சட்டத்தால் 1994 முதல் புதிய ஆணைகளுக்கு இதுதான் பொதுவிதி. நமக்கு டி.டி.எஸ். என்ற இயந்திரம் ஏற்கெனவே ஓடிட்டு இருக்கு, இன்னொரு வரி சேர்க்கணும், அவ்வளவுதானே.

'எச்.ஆர்.-க்கு என் குடும்ப விஷயம் தெரியணுமா?'ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆபீஸ்ல கிசுகிசு எப்படிப் பரவும்னு எனக்கும் தெரியும். ஆனா உங்க ஹோம் லோன், உங்க அப்பாவோட மெடிக்கல் பில் எல்லாம் அவங்களுக்குத் தெரியும்தானே? பேஸ்லிப்பில் 'நீதிமன்றப் பிடித்தம்'னு ஒரு வரி வந்தா போதும். ஒழுங்கா கட்டுற அப்பாவுக்கும் லாபம் இருக்கு. கட்டினதுக்கு ஆதாரம் தானாகவே சேரும். சொந்தத் தொழில் பண்றவங்க, கையில் காசு வாங்குறவங்க இதில் தப்பிப்பாங்க, உண்மைதான். வரியிலயும் அப்படித்தான் இருக்கு. அதுக்காக சம்பளக்காரங்களுக்கு டி.டி.எஸ். வேண்டாம்னு யாரும் சொல்லல.

சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். பரஸ்பர சம்மதத்தில் பிரியறவங்க இதை இன்னிக்கே ஷரத்தா எழுதலாம்: சம்பளம் வர்ற மறுநாள் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன், எந்த அக்கவுன்ட், என்ன தேதி. ரொக்கமா கொடுக்காதீங்க. பேங்க் வழியா, எந்த மாசத்துக்குன்னு குறிப்பு எழுதி அனுப்புங்க. பிறந்தநாளுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தது, பாப்பா பேர்ல எஃப்.டி. போட்டது எல்லாம் நல்லதுதான், ஆனா அது மாசத் தொகையில் தானா கழியாது. எஃப்.டி. வட்டியில இன்னொரு சிக்கல்: விவாகரத்து ஆனவங்களோட மைனர் பிள்ளையின் வருமானம், அந்த வருஷம் பிள்ளையைப் பராமரிக்கிற பெற்றோரின் வருமானத்தோட சேரும். பெரும்பாலும் அம்மாவோட. அவங்ககிட்ட சொல்லாம போட்டா, அவங்களுக்குத்தான் நோட்டீஸ் வரும்.

வேலை போயிடுச்சுன்னா கட்டுறதை நீங்களா நிறுத்தாதீங்க. நிலுவை ஓடிட்டே இருக்கும். உடனே 146-ல் மனு போடுங்க. பிள்ளையைப் பார்க்க விடலைன்னாலும் பணத்தை நிறுத்தாதீங்க. அதுக்குத் தனி மனு இருக்கு.

ஒரு டேர்ம் பாலிசியும் எடுங்க. நீங்க இல்லாமப் போனா மாசத் தொகை என்ன ஆகும்? பிள்ளையை நாமினியா போடுங்க. மைனர்னா பணத்தை வாங்கிக்க ஒரு அப்பாயின்ட்டியையும் குறிப்பிடணும். 2015 திருத்தத்துக்குப் பிறகு பிள்ளைகள் நாமினியா இருந்தா அந்தப் பணத்தில் உரிமையே அவங்களுக்குத்தான்.

'வருமானத்தைக் கொஞ்சம் குறைச்சுக் காட்ட முடியுமா மேடம்?'னு என்கிட்ட கேட்டவங்களும் உண்டு. முடியாது. 2020 தீர்ப்புக்குப் பிறகு ரெண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமா கொடுக்கணும். ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இருக்கும். பொய் சொன்னா அது தனிக் குற்றம். திடீர்னு புதுசா கார் லோன் போட்டு இ.எம்.ஐ.-யைக் காட்டுறதும் வேலைக்கு ஆகாது. வரி மாதிரிக் கட்டாயப் பிடித்தம் போகத்தான் கோர்ட் பொதுவா பார்க்கும், நீங்களா இழுத்துவிட்ட கடனை அல்ல.

தொகை வராம இருக்கிற அம்மாக்களுக்கு ஒன்னே ஒன்னு: மூணு மாசம் தவறினதுமே மனு போடுங்க, 12-வது மாசத்துக்குக் காத்திருக்காதீங்க. வக்கீல் ஃபீஸ் பிரச்சினைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்க இலவச சட்ட உதவி உண்டு, வருமான வரம்பு பார்க்க மாட்டாங்க.

சாஃப்ட்வேர் நண்பர் போகும்போது ஒன்னு கேட்டார்: "அப்போ பாப்பா காலேஜுக்கு இப்பவே தனியா எஸ்.ஐ.பி. போட்டா?" போடுங்க, ஆனா உங்க பேர்லயே போடுங்கன்னு சொன்னேன். 13 வருஷம் இருக்கு, மாசம் 5,000-ல தொடங்கியிருக்கார்.

எங்க ஆபீஸ் அக்காவோட பையனுக்கு வர்ற ஜூன்ல 18. அதே மாசம் இன்ஜினீயரிங் முதல் செமஸ்டர் ஃபீஸ் கட்டணும். கல்விக் கடனுக்கு விண்ணப்பம் நிரப்பிட்டு இருந்தோம். 'தகப்பனார் ஆண்டு வருமானம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, "இதுல என்ன மேடம் எழுதுறது?"ன்னு கேட்டாங்க. அம்மா மட்டுமே கோ-அப்ளிகன்ட்டா இருக்கலாம்னு சொல்லி, கட்டத்தில் ஒரு கோடு போட்டு, விவாகரத்து ஆணையோட நகலைப் பின் பண்ணி அனுப்பியிருக்கோம். பேங்க்ல இருந்து இன்னும் பதில் வரல.